மூன்று முறை பிரித்துத் தைத்த ஜாக்கெட்

1

இந்த வைகாசியோடு நான் ஜெர்மனிக்கு வந்து இருபது வருஷம். யாரும் மாலை போடவில்லை. சுங்க அலுவலகம் மட்டும் ஒரு கடிதம் போட்டது. உங்கள் பெயருக்கு இந்தியாவிலிருந்து ஒரு பொட்டலம் வந்து நிற்கிறது, உள்ளே இருப்பது என்னவென்று நேரில் வந்து விளக்குங்கள். இருபது வருஷமாக இந்த நாடு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, சுருக்கிச் சொன்னால், இதுதான். உள்ளே இருப்பது என்ன?

உள்ளே இருப்பது ஜாக்கெட். என் கூடப்பிறந்த சாந்தி அக்கா கள்ளக்குறிச்சியில் லேடீஸ் டெய்லர். கருணாபுரத்தை ஒட்டிய சந்தில், வீட்டின் முன்னறைதான் கடை. என்னைவிட ஆறு வயது பெரியவள். நான் விமானம் ஏறிய மாதத்தைக் கணக்கு வைத்து வருஷம் தவறாமல் நான்கு ஜாக்கெட் தைத்து அனுப்புவாள். நான் இங்கே புடவை கட்டுவது வருஷத்துக்கு இரண்டு முறை. அதை அவளிடம் சொன்னதில்லை.

கையுறை போட்ட அதிகாரி ஒவ்வொன்றாக மேஜைமேல் விரித்தார். "குழந்தை உடுப்பா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். ஜாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரியாதையாக மறுபடி ஜாக்கெட்டைப் பார்த்தார். அடுத்து ஒரு பழைய துணியில் சுற்றியிருந்த தானியம். எங்கள் ஊருக்குப் பக்கத்து வெள்ளிமலையில் விளைந்த சாமை. எனக்குத் தெரிந்த ஜெர்மன் வார்த்தையைச் சொன்னேன். "பறவைத் தீனியா?" இல்லை, அதுவும் எனக்குத்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் வழக்கம்போல மகள் நிலாவுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தேன். பதினேழு வயது. அவள் பேசும் ஜெர்மனில் ஒரு மேடு பள்ளம் இருக்காது. இருவரும் இரண்டு நிமிடம் பேசினார்கள், நடுவில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. நான் என் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டலமாக நின்றேன்.

தானியத்துக்கு அனுமதி இல்லை, எடுத்துக்கொண்டார்கள். ஜாக்கெட்டையும், சாமையைச் சுற்றியிருந்த பழைய துணியையும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து புதியதில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அளந்து ஊற்றியது போல உட்கார்ந்தது. அதுதான் இடித்தது. தை மாதம் அக்கா அளவு கேட்டபோது "போன தடவை அளவேதான், மாற்றமே இல்லை" என்று சொல்லியிருந்தேன். டேப்பை எடுத்து அளந்தேன். இடுப்புப் பட்டியில் இரண்டு இஞ்ச் கூட. வீடியோ காலில் என் முகம் தெரியும், தோள் தெரியும், பின்னால் சமையலறை தெரியும். அந்தக் கையகலத் திரையிலிருந்து அவள் என் இடுப்பை எடுத்திருக்கிறாள்.

சிரித்துக்கொண்டே பழைய துணியை உதறினேன். அது அக்காவின் ஜாக்கெட். அரக்கு நிறம், வெளுத்தது. பழசு என்று தானியத்தைச் சுற்றியிருப்பாள். பக்கத் தையல் மூன்று முறை பிரித்துத் தைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஊசி போன தடம், ஒன்றுக்கு வெளியே ஒன்றாக மூன்று கோடு. நான்காவது முறை பிரித்து விட உள்ளே துணி இல்லை. விளிம்பு தீர்ந்துவிட்டது. கைகளைப் பார்த்தேன். அங்கே எதிர்த் திசையில் போயிருந்தது தையல். இரண்டு முறை பிடித்திருந்தாள்.

இடுப்பு பெருத்திருக்கிறது. கை மெலிந்திருக்கிறது.

கட்டிலில் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட உடம்பை உள்ளிருந்து பார்ப்பதுதான் ஒன்பது வருஷமாக என் வேலை. அக்காவோ இன்றுவரை ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரைக்குச் சோதிக்க விட்டதில்லை.

2

காலை ஏழு மணிக்கு டிராம் பிடிப்பேன். ஆற்றுப் பாலம், ரொட்டிக் கடை, அதே ஆட்கள், அதே மௌனம். ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னீஷியன். கணவரின் வேலைக்காக வந்து, நிலாவைப் பள்ளியில் விட்டபின், நாற்பதை நெருங்கும் வயதில் எல்லாவற்றையும் ஜெர்மனில் மறுபடி படித்து வாங்கிய வேலை. அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் பதினொரு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தங்கள் கொழுப்பில் ஒரு விரல்நுனி அளவை எங்களுக்குத் தருகிறார்கள். ஐஸ் பெட்டியில் வரும். எடை போடுவேன், கழுவுவேன், நறுக்குவேன், ஒரு பகுதியை உறைய வைப்பேன், எண் ஒட்டுவேன். பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாதவர்களின் மஞ்சள் எனக்குத் தெரியும். ஒருவருடையது வெண்ணெய், ஒருவருடையது சாமந்தி, ஒருவருடையது முட்டைக் கருவின் ஆழ்ந்த மஞ்சள்.

நம் ஊரில் கொழுப்பு என்றாலே வசவு. என்ன கொழுப்பு பார் அவளுக்கு என்போம். நானும் அதைச் சும்மா கிடக்கிற மூட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்துதான் மரியாதை கற்றேன். கொழுப்பு ஒரு உறுப்பு. ஈரலைப் போல, இதயத்தைப் போல. அதன் வேலை சேமிப்பது மட்டும் இல்லை, பேசுவது. நாள் முழுக்க ரத்தத்தில் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. லெப்டின் என்று ஒரு ஹார்மோன். இருப்பு போதும், சாப்பிட்டது போதும் என்று மூளைக்குச் சொல்வது. அடிப்போனெக்டின் என்று இன்னொன்று. எனக்குப் பிரியமானது. தசையிடமும் ஈரலிடமும் போய், சர்க்கரை வாசலில் நிற்கிறது, கதவைத் திற என்கிறது. ரத்தக் குழாயின் சுவரைத் தடவிக் கொடுத்து, கொதிக்காதே என்கிறது. தாய்மாதிரி என்று எழுத வந்தேன். வேண்டாம், நல்ல பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

இதில் ஒரு விசித்திரம். கொழுப்பு கூடினால் அது சுரக்கிற எல்லாமே கூட வேண்டும்தானே? ஆனால் அடிப்போனெக்டின் குறைகிறது. கொள்ளளவுக்கு மேல் அடைக்கப்பட்ட செல் வீங்குகிறது. வந்து இறங்குகிற தீனியை எரித்து முடிக்க முடியாமல் திணறுகிறது. அந்த அரைகுறை எரிப்பில் ஆக்சிஜன் வெறி பிடித்த வடிவங்களாகத் தெறிக்கிறது. பக்கத்தில் எது இருந்தாலும் கடிக்கிற ஆக்சிஜன். அதை அணைக்கிற நொதிகள் நம்மிடம் உண்டு, ஆனால் வீங்கிய கொழுப்பில் அவையும் குறைந்துபோகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று இதற்குப் பெயர். அந்த அழுத்தத்தில் செல் முதலில் கைவிடுவது அந்த நல்ல சேதியைத்தான். அதற்குப் பதிலாக அபாயக் குரல் எழுப்புகிறது. காவல் செல்கள் ஓடி வருகின்றன, அழற்சி மூள்கிறது. லெப்டின் மட்டும் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் கத்திக் கத்தி அலுத்த குரலாக. மூளை காது கொடுப்பதில்லை. வெளியே பெருத்திருக்கிறது, உள்ளே பேச்சு குழம்பிக் கிடக்கிறது. குடலுக்கு முன்னால் தொங்குகிற உள்வயிற்றுக் கொழுப்பில் இது அதிகம். கை கால் ஒல்லியாக, இடுப்பு மட்டும் பெருத்த உடம்பு ஆபத்தானது என்பது அதனால்தான். நம்மவர்கள் பலருக்கு அந்த உடம்பு.

இவ்வளவும் தெரிந்தவள் நான். மார்ச் மாதம் என் ரத்தப் பரிசோதனை முடிவு மூடி ஒட்டிய உறையில் வந்தது. இந்த ஊரில் நோய் கூட அந்தரங்கம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றது கடிதம். இழுப்பறையில் வைத்து மூடினேன். கணவரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் இல்லை.

3

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். டெய்லரிடம் முதல் தடவைதான் பெண்கள் உடம்பை அளக்கக் கொடுப்பார்கள். அப்புறம் அளவு ஜாக்கெட் கொடுத்து விடுவார்கள். இருப்பதிலேயே நன்றாக உட்கார்ந்த ஒன்று. பெரும்பாலும் நான்கைந்து வருஷம் முந்தையது. "இதே அளவு வெச்சிரு யக்கா, நான் மாறவே இல்ல" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். சொல்லும்போது நம்பித்தான் சொல்வார்கள்.

அக்கா மறுத்துப் பேசியதை நான் பார்த்ததில்லை. வாங்கி வைப்பாள். அவர்கள் படி இறங்கும்போது முதுகுப்புறமாக ஒரே பார்வை. அதில் அளந்து முடித்துவிடுவாள். அளவு ஜாக்கெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, தன் கண் சொன்ன அளவில் வெட்டுவாள். உள்ளே இரண்டு விரல் துணி கூடுதலாக விடுவாள். அடுத்த வாரம் வந்து போட்டுப் பார்க்கிறவள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நிற்பாள்.

"பாத்தியா யக்கா, அப்டியே கீறேன்."

"ஆமா, நீ அப்டியேதான் கீற."

அவளிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பெயர், கை, இடுப்பு, வருஷம். கண்ணால் எடுத்த உண்மையான அளவெல்லாம் அதில்தான் இருக்கும். இருபத்தைந்து வருஷ நோட்டு. கை இளைத்து இடுப்பு ஏறுகிறவர்களுக்குப் பிற்பாடு சர்க்கரை வருவதை அவள் யாரும் சொல்லித் தராமல் அந்த நோட்டில் கண்டுபிடித்தாள். கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிற குடும்பத்து நூர்ஜஹானோடு அவள் பேசியதை ஒரு விடுமுறையில் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"சக்கர பாத்தியா நூரு?"

"எனுக்கு இன்னாத்துக்கு? நீ டெய்லரா, டாக்டரா?"

"டாக்டரு ஒன்ன ரெண்டு நிமிசம் பாப்பாரு. நான் பதினஞ்சி வருசமா ஒன் இடுப்பப் பாக்கறேன். போய்ப் பாரு. இல்லாங்காட்டி ஜாக்கெட் தர மாட்டேன்."

"நல்லா மெரட்டற!" என்று சிரித்துக்கொண்டே போனவள் மறுநாள் போய்ப் பார்த்தாள். இருந்தது. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் மாத்திரையிலும் நடையிலும் அடங்கியது. இப்படி எத்தனை பேரை அனுப்பியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. நாங்கள் நைட்ரஜனில் உறைய வைத்துக் கண்டுபிடிப்பதை அவள் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கண்டுபிடித்தாள். இதை எழுதும்போது எனக்குப் பெருமையில் கை வேகமாகப் போகிறது.

அந்த நோட்டில் எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு வருஷம் முன்னால், கள்ளச்சாராயம் குடித்து எங்கள் தெருவுக்கு அடுத்தாற்போல ஆண்கள் செத்த அந்த ஆனி மாதத்துக்குப் பிறகு, பெண்கள் துணியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தொளதொளவென்று ஆகிவிட்டது, பிடித்துக் கொடு என்று. யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை. அக்கா எல்லாவற்றையும் பிடித்துக் கொடுத்தாள். "மிச்சத் துணிய வெட்டலடி" என்று போனில் சொன்னாள். "உள்ளயே மடிச்சித் தெச்சிட்டேன். ஒடம்பு திரும்ப வரும். அப்போ பிரிச்சிக்கலாம்."

இவ்வளவு பேருக்கு உள்ளே துணி விட்டவளின் ஜாக்கெட்டில் துணி தீர்ந்துபோயிருந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். அங்கே மதியம் தாண்டியிருந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துப் பேசுவது அவள் வழக்கம். பாதித் திரையில் சீலிங் ஃபேன்.

"ஜாக்கெட் வந்துச்சா? கரெக்டா கீதா?"

"கரெக்டா கீதுக்கா. ரெண்டு இஞ்ச் எப்டித் தெரிஞ்சுது?"

"கன்னம் ரொம்புனா இடுப்பு ரொம்பியிருக்கும். இதுக்கு ஜெர்மனி போவணுமா?"

அரக்கு ஜாக்கெட்டைத் திரைக்கு முன் பிடித்தேன். தையல் தடத்தைக் காட்டினேன். மிஷின் சத்தம் நின்றது.

"அது எப்டி அங்க வந்துச்சி?"

"சாமையச் சுத்தி அனுப்பியிருக்க."

"ஐய. பார்சல் ஆபீஸ்காரன் முன்னாடியெல்லாம் விரிச்சிக் காட்டினியா?"

"அக்கா, சக்கர பாக்கணும் நீ."

"நான் சாமதாண்டி துன்றேன். ரெண்டு வருசமா அரிசியே கம்மி. எனுக்கு இன்னா வரும்?"

"எவ்ளோ துன்ற?"

"சாமதானே. வவுறு ரொம்பத் துன்றதுதான்."

மலையிலிருந்து இறங்கி வருகிற சாமைக்கு எங்கள் ஊரில் ஒரு தனி அந்தஸ்து வந்துவிட்டது. அது மருந்து, அதனால் கணக்கில் வராது. அரிசியென்றால் ஒரு கரண்டி யோசிக்கிறவர்கள் சாமையென்றால் மூன்று கரண்டி போட்டுக்கொள்கிறார்கள். சாமையும் சோறுதான் என்று சொன்னால் மலையையே திட்டியதுபோலப் பார்ப்பார்கள்.

வேறு வழியாக வந்தேன். "கொழுப்பு சும்மா கெடக்கறது இல்லக்கா. அது பேசும்."

"இன்னா பேசும்? என்னாட்டம் ஊர்க்கதையா?"

"நல்ல சேதி பேசும். சக்கரைய உள்ள வுடுன்னு ஒடம்புக்குச் சொல்லும். ரொம்ப அடச்சிட்டா அதால பேச முடியாது. அடுப்புல வெறகத் திணிச்சா எரியாமப் பொகையுதில்ல, அப்டி உள்ள பொகையும். பொகையில அதுக்குத் தொண்ட கட்டிப் போவுது."

அவள் நகர்ந்துவிட்டாள், திரையில் ஃபேன் மட்டும். அப்புறம் அவள் குரல் மட்டும் வந்தது.

"அப்போ கையி மெலிஞ்சி இடுப்பு பெருக்கறவளுக்குப் பொகை ஜாஸ்தின்னு சொல்லு."

"ஆமாக்கா." எங்கள் பேராசிரியர் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியதை அவள் ஒரு வரியில் எடுத்துக்கொண்டாள். "அதான் உன்னையும் பாக்கச் சொல்றேன்."

"வேணாம்டி."

"ஏன்?"

"அம்மாவுக்கு இன்னா ஆச்சி? காலையில ரத்தம் எடுத்தாங்க, சக்கரன்னாங்க. அடுத்த வாரம் கால எடுத்துட்டாங்க. அந்த டெஸ்ட்டு எடுக்காம இருந்திருந்தா அவ பாட்டுக்கு இருந்திருப்பா."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லும் தகுதி இல்லை. அம்மா கரும்பு வெட்டப் போனவள். காலில் கரும்பின் காய்ந்த சோகை கிழித்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்தவள் அக்கா. என் குடியிருப்பு அனுமதி அப்போது புதுப்பிப்பில் இருந்தது. முத்திரை விழுமுன் நாட்டை விட்டுப் போனால் திரும்ப வரும் சிக்கலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் அயல்நாட்டவர் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண். நான் போகவில்லை. கால் போனபோதும் போகவில்லை. அதே வருஷம் அம்மா இறந்தபோது முத்திரை வந்துவிட்டிருந்தது.

"வெக்கறேன்டி. ஒருத்தி வந்து நிக்கறா" என்றாள். யாரும் வந்து நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

5

ஆடியில் லீவு போட்டுப் போனேன். நிலா வரவில்லை. தோழிகளோடு கடற்கரைக்கு முன்பதிவு செய்துவிட்டாள். "பெரியம்மாவுக்கு என் ஹலோ சொல்லு" என்றாள் ஜெர்மனில். விமானத்தில் அதை எப்படித் தமிழில் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் ஒட்டாமல் குளிர்ந்தது.

பேருந்து நிலையத்துக்கு அக்கா வந்திருந்தாள். திரை பொய் சொல்லவில்லை, மறைத்திருந்தது. தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. என்னைக் கண்டதும் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்து, "இன்னும் அர இஞ்ச் ஏறியிருக்கு" என்றாள். நானும் அவளை அளந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிமலைக்குப் போக வேண்டும் என்றாள். சுகாதார நர்ஸ் வசந்தி அவளுடைய வாடிக்கைக்காரி. மலையில் பெண்களுக்குச் சர்க்கரை பார்க்கும் நாளில் அக்காவைத் துணைக்குக் கூப்பிடுவாளாம். வயிற்றுச் சுற்றளவு எடுத்துப் படிவத்தில் எழுத வேண்டும். நர்ஸ் டேப்பை எடுத்தால் பெண்கள் வெட்கப்பட்டு மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். டெய்லர் எடுத்தால் நிற்பார்கள். டெய்லருக்கு அளவு கொடுப்பது வெட்கம் இல்லை.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய கட்டிடத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வரிசையில் முப்பது பெண்கள். அக்கா நின்ற இடத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

"மூச்ச வுடும்மா. ஜாக்கெட் தெக்கப் போறேன்னு நெனச்சிக்க."

"தெச்சியும் குடுப்பியா?"

"நீ வரிசையில மொதல்ல நகரு."

டேப் சரியான இடத்தில் சுற்றி, இறுகாமல் தொய்யாமல் நின்றது. ஒன்பது வருஷமாக அளவு எடுப்பவர்களோடு வேலை செய்கிறேன், இவ்வளவு சுத்தமான கையைப் பார்த்ததில்லை. வசந்தி விரலில் குத்தி, கருவியில் வரும் எண்ணை உரக்கப் படிப்பாள். வரிசை முழுவதும் கேட்கும், கருத்துச் சொல்லும். எனக்கு மூடி ஒட்டிய உறை ஞாபகம் வந்தது. கடைசியில் நிற்பவள் முதலில் இருப்பவளுக்கு "தேன கம்மி பண்ணு" என்று ஆலோசனை சொல்கிறாள். இங்கே நோய்க்குக் கதவு இல்லை. அதனால் யாரும் அதனோடு தனியாக அடைபட்டும் இல்லை.

"சாந்தியக்கா, இந்த வாட்டியாச்சும் நீ பாரேன்" என்றாள் வசந்தி.

"எனுக்கு வேல கீது."

நான் வரிசையைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். விரலை நீட்டினேன். முள் தைத்ததுபோல ஒரு குத்து.

"நூத்தி எழுவத்தாறு!" என்று வசந்தி படித்தாள். "சாப்ட்டு எவ்ளோ நேரம் ஆச்சிங்க?"

"ரெண்டு மணி நேரம்."

"வெளிநாட்ல கீறவங்களுக்குமா?" என்றாள் ஒருத்தி. "அங்க மட்டும் இன்னா, சக்கரப் பொங்கலுக்கு உப்பா போடறாங்க?" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மார்ச்சுலயே தெரியும்."

"சொல்லல."

"பயமா இருந்துச்சிக்கா."

"படிச்சவதானே நீ? கொழுப்ப அறுத்து அறுத்துப் பாக்கறவதானே?"

"அதான் பயம்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை இடுப்பைப் பார்க்கவில்லை. "எழுந்திரு" என்றாள். எழுந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மேஜைமேல் வைத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊசியோடு வாழ்ந்தவள், ஒரு சின்ன ஊசிக்குக் கண்ணை மூடினாள்.

கருவி எண் காட்டியது. வசந்தி வாயைத் திறந்து, மூடினாள். அன்று முழுவதும் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"முன்னூத்திப் பன்னண்டுக்கா."

வசந்தி நிதானமாகச் சொன்னாள். நாளைக்குக் காலை வெறும் வயிற்றோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வரணும், நான் கூட நிற்கிறேன், மாத்திரை ஆரம்பிப்பார்கள், கட்டுக்குள் வரும். நான் என் பங்குக்கு, எடை இறங்கினால் உள்ளே புகை குறையும், கொழுப்பு மறுபடி நல்ல சேதி பேசத் தொடங்கும் என்று ஏதேதோ சொன்னேன். உண்மைதான் எல்லாம். அக்கா கேட்டாளா தெரியவில்லை. விரலில் வைத்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"இன்னா எல்லாம் செல மாதிரி நிக்கறீங்க? அடுத்தது யாரு? வா, மூச்ச வுடு."

மீதி பத்தொன்பது பேரையும் அளந்து முடித்தாள். ஒரு அளவும் பிசகவில்லை. படிவங்களை நான் பார்த்தேன்.

6

மாலைப் பேருந்தில் மலை இறங்கினோம். ஜன்னல் பக்கம் அக்கா. கொண்டை ஊசி வளைவுகளில் அவள் தோள் என்மேல் சாயும், விலகும். பாதி மலை இறங்கியபின் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மாவுக்கு ரத்தம் எடுத்த அன்னிக்கி, எத்தினி இருந்துச்சின்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுக்கா. நான் இல்லயே."

"நானூத்திச் சில்லற. சீட்ட நான்தான் வாங்கினேன்." ஒரு வளைவு போனது. "ஆனா அதுக்கு முன்னாடியே கட்ட வெரலு கறுத்துப் போச்சிடி. நான் பாத்தேன். அழுக்குன்னு சோப்புப் போட்டுத் தேச்சேன். ஒரு வாரம் தேச்சேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். முழங்கைக்கு மேல் என் விரல்கள் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன.

"அப்போ டெஸ்ட்டு ஒண்ணும் பண்ணல."

"இல்லக்கா. டெஸ்ட்டு ஒண்ணும் பண்ணல. நீயும் ஒண்ணும் பண்ணல."

இத்தனை வருஷமாக அவள் பயந்தது அந்த ஊசிக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில் எல்லோருடைய உடம்பையும் முன்கூட்டிப் படித்தவள், பெற்றவளின் கால் விரலைத் தப்பாகப் படித்துவிட்டதாகத் தன்னை ஒதுக்கி வைத்திருந்தாள். எனக்கு அந்தத் தப்பைச் செய்யக்கூட வாய்க்கவில்லை. நான் ஜன்னலுக்கு இந்தப்பக்கம் முத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன்.

அடிவாரம் வந்ததும் பேருந்து ஓரம்கட்டியது. ஓட்டுநர் டீ குடிக்க இறங்கினார். ஆட்டம் நின்றதும் அக்கா செருப்பைக் கழற்றினாள். குனிந்து பார்க்க முயன்றாள், இடுப்பு மடியவில்லை. இன்னொரு முறை முயன்றாள். பிறகு உட்கார்ந்தபடியே திரும்பி, காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். மிஷின் மிதித்துக் காய்ப்பேறிய பாதம்.

"பாருடி. எனுக்குக் குனிய முடியல. புண்ணு கிண்ணு எதனா கீதா பாரு."

போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். குதிகாலில் வெடிப்பு. விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா கீது."

"கட்ட வெரலு?"

"நல்லா கீது."

அவள் அந்தக் காலை இறக்கி, மற்றதைத் தூக்கி வைத்தாள்.

"இதையும் பாரு" என்றாள்.